புரோட்டானின் ஆயுள்: கோலார் சாட்சியம் செல்லுமா?

மும்பை வட்டாரத்தின் நெருளிலும் செம்பூரிலும் மாதுங்காவிலும் ஒன்பதாம் வகுப்பை எட்டும் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்கிறார்கள். புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான் என்று மூன்று பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மின்னூட்டம், நிறை, அணுவுக்குள் அது இருக்கும் இடம். புரோட்டானுக்கு நேர்மின்னூட்டம், எலக்ட்ரானுக்கு அதே அளவு எதிர்மின்னூட்டம், நியூட்ரானுக்கு ஒன்றும் இல்லை. புரோட்டான் எலக்ட்ரானைப் போல 1836 மடங்கு கனம். நியூட்ரான் புரோட்டானைவிடச் சற்றே கனம். எல்லாம் சரியான செய்திகள்தாம். ஆனால் ஒரு துகளின் அடிப்படைப் பண்புகளுள் ஒன்றான ஆயுளுக்கு அந்த அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை. தனியே விடப்பட்ட துகள் எவ்வளவு காலம் தானாகவே நீடிக்கும் என்பதுதான் ஆயுள்.

அந்தக் கட்டத்தை நிரப்பப் புகுந்தால் மூன்று துகள்களும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. அணுக்கருவை விட்டு வெளியே வந்த நியூட்ரானின் சராசரி ஆயுள் கால் மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு, சுமார் 880 வினாடி. அதன் பிறகு அது ஒரு புரோட்டானாகவும் ஓர் எலக்ட்ரானாகவும் ஓர் எதிர்நியூட்ரினோவாகவும் சிதைகிறது. எலக்ட்ரான் சிதைய வழியே இல்லை. மின்னூட்டம் உள்ள துகள்களில் அதைவிட லேசானது எதுவும் கிடையாது. மின்னூட்டத்தை ஒப்படைக்க ஆள் இல்லாமல் அது மறைய முடியாது. அதன் நிலைத்தன்மைக்கு இப்படி உறுதியான காரணம் இருக்கிறது.

புரோட்டானுக்கு அப்படி ஒரு காரணம் இல்லை. எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான் அதைவிட மிக லேசானது, நேர்மின்னூட்டமும் உடையது. ஆற்றல் கணக்கும் மின்னூட்டக் கணக்கும் தடுக்காத நிலையில், புரோட்டான் ஒரு பாசிட்ரானாகவும் பையான் என்னும் இன்னொரு லேசான துகளாகவும் உடையலாம். உடைவதாகக் காணோம். புரோட்டான், நியூட்ரான் போன்ற துகள்களின் கணக்கான பேரியான் எண் மாறாது என்று ஒரு விதியை எழுதிவைத்து இயற்பியலாளர்கள் இதை விளக்கினார்கள். கண்டதைக் கணக்கில் ஏற்றிய விதி அது. ஏன் மாறாது என்பதற்கு அதனுள் விடை இல்லை.

மாரிஸ் கோல்ட்ஹேபர் 1954-ஐ ஒட்டி இதற்கு அழகான ஓர் உத்தேசக் கணக்குப் போட்டார். 60 கிலோ எடையுள்ள உடலில் ஏறத்தாழ 3.6×10²⁸ புரோட்டான்களும் நியூட்ரான்களும் இருக்கின்றன. புரோட்டானின் ஆயுள் 10¹⁶ ஆண்டுக்குக் குறைவாக இருந்தால், நம் உடலுக்குள் நிகழும் சிதைவுகளின் கதிர்வீச்சே நம்மைக் கொன்றுவிடும். நாம் உயிரோடு இருப்பதே முதல் சோதனை முடிவு. பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு, அதாவது 1.4×10¹⁰. உடலை மட்டும் கருவியாகக் கொண்டே அதைப் போலப் பல லட்சம் மடங்கு நீண்ட ஆயுளைப் புரோட்டானுக்கு நிறுவிவிட முடிந்தது.

1973–74-இல் இந்தக் கேள்வி சூடு பிடித்தது. ஒடிசாவில் பிறந்த ஜோகேஷ் பதியும் அப்துஸ் சலாமும் ஒரு பக்கம், ஹாவர்ட் ஜார்ஜியும் ஷெல்டன் கிளாஷோவும் மறுபக்கம், இயற்கையின் விசைகளை ஒன்றாக்கும் கோட்பாடுகளை முன்வைத்தார்கள். இரண்டிலும் புரோட்டான் அழியக்கூடியது. பருப்பொருள் எதிர்ப்பொருளைவிட மிஞ்சியது எப்படி என்பதை விளக்கப் பேரியான் எண் எங்கோ மீறப்பட்டிருக்க வேண்டும் என்று சகரோவ் 1967-லேயே சொல்லியிருந்தார். ஜார்ஜி–கிளாஷோ கோட்பாட்டின் எளிய வடிவம் ஆயுளுக்கு ஓர் உத்தேச எல்லையையும் தந்தது: 10³¹ ஆண்டு, அல்லது அதற்குச் சற்றுக் கீழே. அது கருவி கட்டி அளக்கக்கூடிய எண். ஒரு டன் பொருளில் 6×10²⁹ அணுக்கருத் துகள்கள் உண்டு. நூறு டன்னைக் குவித்துவைத்துக் காவல் இருந்தால் ஆண்டுக்கு ஆறு சிதைவுகள் நிகழ வேண்டும்.

இந்த வேட்டையில் முதலில் இறங்கிய பிரத்தியேகச் சோதனை கோலார் தங்கவயலில் நடந்தது. மும்பை கொலாபாவில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய சோதனை அது. 1980-இன் பிற்பகுதியில் கருவி ஓடத் தொடங்கியது. 1981-லும் 1982-லும் வெளியிட்ட கட்டுரைகளில், புரோட்டானோ நியூட்ரானோ சிதைந்ததாகக் கொள்ளத்தக்க நிகழ்வுகளைக் கண்டதாகக் குழு அறிவித்தது. முழுக்கக் கருவிக்குள்ளேயே அடங்கிய மூன்று நிகழ்வுகள் அந்த வாதத்தின் மையம். அவற்றிலிருந்து கிடைத்த ஆயுள் 10³¹ ஆண்டை ஒட்டியது. இது நிலைத்திருந்தால் இருபதாம் நூற்றாண்டு இயற்பியலின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று நம்முடையதாக இருந்திருக்கும். அதனாலேயே இதைப் பெருமிதத்தோடும் அல்லாமல், தோல்வி என்று ஒதுக்கியும் விடாமல், சாட்சியம் சாட்சியமாக எடைபோட வேண்டும்.

குழுவின் தகுதியில் ஐயத்துக்கு இடமில்லை. 1950-களின் தொடக்கத்திலிருந்தே அந்தச் சுரங்கத்தில் காஸ்மிக் கதிர்களை அளந்து பழகியவர்கள் அவர்கள். பி. வி. ஸ்ரீகண்டன் தலைமையில் அடுக்கடுக்காகக் கீழே இறங்கி அக்கதிர்களால் பிறந்து பாறையை ஊடுருவும் மியூவான் துகள்களின் வரத்தை அளந்துகொண்டே போனார்கள். சுமார் 2760 மீட்டர் ஆழத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூட வரவில்லை. வேறொருவராக இருந்தால் வெறும் கையோடு திரும்பியதாக நினைத்திருப்பார். இவ்வளவு அமைதியான இடத்தில் நியூட்ரினோவின் தடயத்தையே கேட்கலாம் என்று இவர்கள் புரிந்துகொண்டார்கள். எம். ஜி. கே. மேனன், ஸ்ரீகண்டன், வி. எஸ். நரசிம்மம் ஆகியோர் ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்தனர். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் ஃபிரெடரிக் ரைன்ஸின் குழுவும் கண்டது. நிகழ்வை முன்னதாகப் பதிவு செய்தவர்கள் தென்னாப்பிரிக்கக் குழுவினர். அச்சில் முந்தியது கோலார். அந்த முடிவை இன்றுவரை யாரும் அசைக்கவில்லை.

புரோட்டான் கருவி 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. 140 டன் எடை. வாயு அடைத்த சதுர இரும்புக் குழாய்கள் ஏறத்தாழ 1600, பத்து சென்டிமீட்டர் அகலம் கொண்டவை, ஒன்றுக்கொன்று குறுக்காக 34 அடுக்குகளில் வைக்கப்பட்டிருந்தன. இடையே இரும்புத் தகடுகள். இரும்புக்குள் ஒரு புரோட்டான் உடைந்தால் அதன் சிதறல்கள் குழாய்களைக் கடக்கும்போது மின்துடிப்புகள் எழும். எந்தெந்தக் குழாய் துடித்தது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் தடம் தெரியும்.

குழுவின் வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்வோம். முதலாவது, ஆழம். அந்தக் கருவியைக் கடந்த மியூவான்கள் நாளுக்கு இரண்டு மூன்றுதான். 1982-இல் அமெரிக்காவில் ஈரி ஏரியின் அடியில், உப்புச் சுரங்கத்தில் தொடங்கிய ஐ.எம்.பி. கருவியில் வினாடிக்கு இரண்டு மூன்று மியூவான்கள் பாய்ந்தன. ஆகவே மியூவானைச் சிதைவு என்று மயங்கியிருக்கலாம் என்ற குற்றச்சாட்டைக் கோலார் மீது சுமத்தவே முடியாது. இரண்டாவது, நிகழ்வுகளின் வடிவம். தடங்கள் கருவிக்கு நடுவே தொடங்கி எதிரெதிர்த் திசைகளில் பிரிவது போலத் தோன்றின. மொத்த ஆற்றல் புரோட்டானின் நிறைக்கு இணையான 938 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகில் வந்தது. மூன்றாவது, எண்ணிக்கை. 140 டன்னில் ஓரங்களை ஒதுக்கிவிட்டு மிஞ்சும் எடையையும் கருவியின் திறனையும் கணக்கில் கொண்டால், 10³¹ ஆண்டு ஆயுளுக்கு ஒன்றரை ஆண்டில் இரண்டு மூன்று நிகழ்வுகள்தாம் எதிர்பார்க்கத்தக்கவை. கண்டதும் அவ்வளவே.

மூன்று வாதங்களிலும் உள்ளார்ந்த பிழை ஏதும் இல்லை. ஆனால் மூன்றும் நியூட்ரினோவை எதிர்கொள்ளும் இடத்தில் தளர்ந்துபோகின்றன.

வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவுக்கு இரண்டு கிலோமீட்டர் பாறை ஒரு பொருட்டே இல்லை; பூமி முழுவதையும் துளைத்துக்கொண்டு மறுபுறம் போகும். ஆயிரம் டன் பொருளில் ஆண்டுக்கு நூறுக்குச் சற்று மேல் நியூட்ரினோக்கள் மோதுகின்றன. அப்படியானால் 140 டன்னில் ஆண்டுக்குப் பதினைந்தை ஒட்டிய மோதல்கள். மியூவான்கள் வடிகட்டப்பட்ட பிறகு கருவிக்குள் நடுவே தொடங்கும் நிகழ்வுகளில் கணிசமான பங்கு இவைதாம். இவற்றின் ஆற்றலும் ஆயிரம் மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டைச் சுற்றியே அமைகிறது. அதாவது, கோலார் தன் ஆழத்தால் வென்ற எதிரி வேறு; வழக்கைத் தீர்மானித்த எதிரி வேறு. நியூட்ரினோப் பின்னணியைக் குழு கணக்கிடாமல் விடவில்லை. ஆனால் வளிமண்டல நியூட்ரினோ வரத்தின் மதிப்பே அன்று உத்தேசமாகத்தான் தெரிந்திருந்தது. கையில் இருப்பது மூன்றே நிகழ்வுகள் என்னும்போது, பின்னணி ஒன்றா இரண்டா என்ற ஐயமே முழு முடிவையும் கரைத்துவிடப் போதும்.

நியூட்ரினோ மோதலைச் சிதைவிலிருந்து பிரித்தறிய வேண்டுமானால் தடத்தின் திசை தெரிய வேண்டும். சிதைவில் இரண்டு துகள்கள் ஒரு புள்ளியிலிருந்து வெளியே ஓடும். நியூட்ரினோ மோதலில் பெரும்பாலும் எல்லாம் ஒரு பக்கமாகவே சாயும். பத்து சென்டிமீட்டர் அகலக் குழாய்களால் ஆன கருவியில் தடம் ஒரு கோடாகத் தெரியுமே தவிர, அந்தக் கோட்டின் எந்த முனை தொடக்கம் என்பது தெளிவாகத் தெரியாது. துடிப்பின் அளவை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். நிற்கும் தறுவாயில் துகள் அதிகமாக அயனியாக்கும். அந்த ஊகத்தை மூன்று படங்களின் மேல் வைத்து ஒரு புதிய இயற்கை விதியை எழுப்புவது அதிகப்படியான பாரம். இரும்பும் இங்கே உதவவில்லை. இரும்பின் அணுக்கருவில் 56 துகள்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. சிதைவில் பிறக்கும் பையான் வெளியேறும் முன்பே அந்தக் கருவுக்குள் உறிஞ்சப்படலாம், திசை மாறலாம், ஆற்றல் இழக்கலாம். கருவுக்குள் இருக்கும் புரோட்டானும் சும்மா நிற்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே உண்மையான சிதைவேகூட எதிரெதிராக, சரியான ஆற்றலோடு தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. எது கிடைத்தாலும் ஏதோ ஒரு வகைச் சிதைவோடு பொருத்திவிட முடியும் என்ற நிலையில், பொருத்தத்துக்குச் சாட்சிய மதிப்புக் குறைந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோலார் தந்த ஆயுள், கோட்பாட்டாளர்கள் எதிர்பார்த்த எல்லையிலேயே வந்து விழுந்தது. அன்று அது வலுவாகத் தோன்றியிருக்கும். என் பார்வையில் அது எச்சரிக்கையைக் கூட்டியிருக்க வேண்டிய இடம். எதிர்பார்ப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் மனிதக் கண் தடங்களைச் சேர்த்துப் படிக்கும். மோன் பிளாங் சுரங்கப் பாதையில் 150 டன் இரும்போடு இயங்கிய நியூசெக்ஸ் கருவியும் ஒரு நிகழ்வைக் கண்டதாகச் சொன்னது. சிறு கருவிகள் இரண்டும் ஏதோ கண்டன. பெரிய கருவிகள் வந்தபோது நிலைமை தலைகீழானது.

ஐ.எம்.பி.யில் பயன்படு நீரின் எடை 3300 டன். அதில் 2×10³³ அணுக்கருத் துகள்கள். கோலார் சொன்ன ஆயுள் உண்மையானால் ஆண்டுக்கு இருநூறு சிதைவுகள்; முதல் 80 நாள் தரவிலேயே நாற்பதுக்கு மேல். 1983-இல் அவர்கள் அந்த 80 நாளை வெளியிட்டபோது, பாசிட்ரான்–பையான் வழிச் சிதைவு ஒன்றுகூட இல்லை. அந்த வழிக்கு ஆயுள் 6.5×10³¹ ஆண்டுக்கு மேல் என்று எல்லை வகுத்தார்கள். ஜார்ஜி–கிளாஷோ கோட்பாட்டின் எளிய வடிவம் அத்தோடு விழுந்தது.

கோலாருக்கு அப்போதும் ஒரு மறுப்பு மிச்சமிருந்தது, அது நியாயமானதும்கூட. ஐ.எம்.பி. மறுத்தது ஒரு வழியை மட்டுமே. கோலார் கண்டவை வேறு வழிச் சிதைவுகளாக இருக்கலாம். நீர்க்கருவி துகளை அறிவது, அது நீரில் வேகமாகப் பாயும்போது எழும் ஒளிக்கூம்பைக் கொண்டு. அந்த ஒளியை உண்டாக்க முடியாத மெதுவான துகள்களை இரும்புக் கருவி காணும்; நீர்க்கருவி காணாது. இந்த மறுப்பைத் தீர்க்க இரும்பைக் கொண்டே சோதிக்க வேண்டியிருந்தது. பிரான்சு–இத்தாலி எல்லையில் ஃபிரேஜூஸ் மலைச் சுரங்கப் பாதைக்குள் 900 டன் இரும்புக் கருவி 1984 முதல் 1988 வரை இயங்கியது. அதன் தகடுகள் மூன்று மில்லிமீட்டர் தடிமன், கண்ணறைகள் ஐந்து மில்லிமீட்டர். கோலார் பத்து சென்டிமீட்டர்க் கட்டங்களில் பார்த்ததை இது அரை சென்டிமீட்டர்க் கட்டங்களில் பார்த்தது. நியூட்ரினோ மோதல்களுக்கு மேல் எதுவும் மிஞ்சவில்லை. பிறகு 1996-இல் தொடங்கிய ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே 50,000 டன் நீரோடு வந்து, வழி வழியாகக் கதவுகளை அடைத்தது. 2020-இல் வெளியான அதன் கணக்கின்படி, பாசிட்ரான்–பையான் வழியில் புரோட்டானின் ஆயுள் 2.4×10³⁴ ஆண்டுக்கு மேல். கோலார் சொன்னதைப் போல ஆயிரம் மடங்குக்கும் அதிகம்.

ஆகவே சாட்சியத்தைப் பொறுத்த என் தீர்ப்பில் தயக்கம் இல்லை. கோலார் புரோட்டான் சிதைவைக் காணவில்லை. அந்த நிகழ்வுகள் நியூட்ரினோ மோதல்கள் என்று கொள்வதே இன்று நமக்குத் தெரிந்த அனைத்தோடும் ஒத்துப்போகிறது. அன்றைய கையிருப்பை மட்டும் வைத்துப் பார்த்தாலும், மூன்று நிகழ்வுகளிலிருந்து ஒரு கீழெல்லையைச் சொல்லியிருக்கலாமே தவிர ஓர் ஆயுளைச் சொல்லியிருக்கக் கூடாது. கீழெல்லையாகச் சொல்லியிருந்தால் அது இன்றும் பிழையில்லாத முடிவாக நின்றிருக்கும்.

சோதனையைப் பொறுத்த தீர்ப்பு வேறு. கேள்வி மிகச் சரியானது; நேரமும் சரியானது; இந்தியாவிலிருந்து, குறைந்த பணத்தில், உலகத்துக்கு முன்னால் இறங்கியது துணிவு. தடுக்கியது ஆழத்திலேதான். 1965-இல் கோலாருக்குப் புகழ் தந்த அதே ஆழம் 1980-இல் அதற்குக் கால்விலங்காயிற்று. தங்கவயலின் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும் இயல்பு உடையது. அங்கே வேலை செய்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அது தெரியும். இரண்டு கிலோமீட்டருக்குக் கீழே, அந்தப் பாறையில், ஆயிரக்கணக்கான டன் நீரைத் தாங்கும் பெருங்குகை குடைவது நடவாத காரியம். கூண்டில் இறக்கக்கூடிய அளவுக்குத்தான் கருவி. 1985-ஐ ஒட்டி இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இரண்டாம் கருவி அமைத்தபோதும் எடை 260 டன்னைத் தாண்டவில்லை. அரிய நிகழ்வைத் தேடுவோருக்கு அமைதியைவிட அளவே முதல் தேவை என்பது அப்போது ஐ.எம்.பி.யின் வெறுங்கையிலிருந்து எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஜப்பானின் முதல் காமியோகாண்டேவும் புரோட்டான் சிதைவைத் தேடிக் கட்டப்பட்டதே. கோலாரைப் போலப் பாதி ஆழம்கூட இல்லை. ஆனால் 3000 டன் நீர். அதுவும் சிதைவைக் காணவில்லை. 1987 பிப்ரவரி 23 அன்று மாபெரும் மெகல்லன் மேகத்தில் வெடித்த விண்மீனிலிருந்து 11 நியூட்ரினோக்களை அது பிடித்தது, ஐ.எம்.பி. எட்டைப் பிடித்தது. மசாதோஷி கோஷிபாவுக்கு 2002-இல் நோபல் பரிசு அதற்காகவே கிடைத்தது. தேடியது கிடைக்காமல் போனது மூன்று இடத்திலும் பொது. பெரிய கருவிக்கு இன்னொன்று கிடைத்தது. சிறிய கருவிக்கு எதுவும் கிடைக்கவில்லை. கோலார்க் குழுவின் அனுபவத்தை வைத்துக்கொண்டு ஆழம் குறைந்த மலையடியில் சில ஆயிரம் டன்னில் ஒரு நீர்க்கருவி இந்தியாவில் 1980-களில் எழாமல் போனதைத்தான் நான் உண்மையான இழப்பாகக் கருதுகிறேன். மூன்று நிகழ்வுகளைத் தவறாகப் படித்தது அதனோடு ஒப்பிட்டால் சிறிய விஷயம்.

இந்தச் சோதனையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சுரங்கத்தையே மறந்துவிடுவதும் எனக்கு உவப்பாக இல்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் அதைச் சுற்றிய வறண்ட ஊர்களிலிருந்தும் போன தமிழர்கள், பெரும்பாலும் தலித்துகள், தலைமுறை தலைமுறையாக வெட்டிய குழி அது. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் வெந்நீர் போல வியர்வை ஓட அவர்கள் பாறையைக் குடைந்திராவிட்டால், மும்பை விஞ்ஞானிகளுக்கு இறங்க இடமே இருந்திருக்காது. 1990-களின் தொடக்கத்தில் ஆய்வு முடிந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கமே மூடப்பட்டது. அங்கிருந்து பெங்களூருக்கு வேலை தேடித் தினமும் ரயில் ஏறும் கூட்டம் அந்த உழைப்பாளிகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

டாட்டா நிலையத்தின் வழிவந்த குழு பிறகு தேனி மாவட்டத்தில், போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்தை ஒட்டி நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. மாநில அரசும் உச்ச நீதிமன்றத்தில் அதை எதிர்த்து நின்றது. காட்டையும் நீரையும் பற்றி அந்த மக்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் மலையைத் தொட யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் வரைபடத்தைத் திறனாய்வுக் கண்ணோடு பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் பாறை. உள்ளே 50,000 டன் காந்தமாக்கிய இரும்பு. தேடுவது புரோட்டான் சிதைவை அல்ல, நியூட்ரினோவின் நிறை வரிசையை. கோலாரின் ஆழத்தில் பாதிக்கும் குறைவு, எடையில் முந்நூற்றைம்பது மடங்குக்கும் அதிகம். 1982-இல் எது தவறிப்போனது என்று தெரிந்தவர்கள்தாம் இந்தக் கணக்கைப் போட்டிருக்க முடியும்.